ஏழாவது கோரில் ஒருவன்

நேற்று மதியம் செத்துப்போன கோர் இன்று மதியமும் சூடாக இருந்தது. சிவகாமசுந்தரி சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மற்ற பதினோரு கோர்களின் கட்டங்களும் பச்சையாக ஓடிக்கொண்டிருக்க, ஏழாவது கட்டம் மட்டும் செத்ததற்கு அடையாளமாகச் சாம்பல் நிறத்தில் கிடந்தது, ஆனால் அதன் கீழே இருந்த வெப்ப எண் மற்ற எல்லாவற்றையும்விட ஏறி நின்றது. எழுந்து போய்ப் பெட்டியின் மூடியைத் திறந்து, விசிறிகளின் இரைச்சலுக்கும் சூடேறிய தூசி வாடைக்கும் நடுவே கையை விட்டு, சிப்பின் மேலிருந்த அலுமினியத் தகட்டைத் தொட்டாள். தகட்டின் ஒரு மூலை மட்டும் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

"சென்சார் கெட்டுப்போச்சு போல லா," என்றான் அர்ஃபான், பின்னாலிருந்து. அவளோடு அந்த லேபில் வேலை பார்க்கும் ஒரே ஆள் அவன். அவளைவிடப் பத்து வயது சின்னவன், வாய் ஓயாது.

"சென்சார் கெட்டா கைக்கு ஏன்டா சுடுது?"

அவன் கோப்பியை உறிஞ்சிக்கொண்டு திரையைப் பார்த்தான்.

லேப் என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். காலாங் வட்டாரத்தில் பழைய தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை, அவ்வளவுதான். வெளியே வெயிலா மழையா, பகலா இரவா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. செல்பேசிக் கோபுரங்களுக்குக் கீழே இருக்குமே ஒரு பெட்டி, அதற்குள் ஓடும் மென்பொருளை இவர்கள் எழுதுகிறார்கள். பெட்டிக்குள் ஒரு சிப்பு, சிப்புக்குள் பன்னிரண்டு கோர், அதாவது பன்னிரண்டு மூளை. ஒவ்வொன்றும் சில நூறு பேரின் பேச்சைத் தூக்கிக்கொண்டு ஓடும். தூங்காது, ஓய்வெடுக்காது. பக்கத்து மூளையைப் பார்த்து ஓயாமல் "இருக்கியா?" என்று கேட்கும். "இருக்கேன்" என்று பதில் வரவேண்டும். மூன்று முறை கேட்டும் பதில் வராவிட்டால், பக்கத்துவீட்டான் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி, அவன் தூக்கிக்கொண்டிருந்த பேச்சுகளைத் தான் எடுத்துக்கொண்டு, அவன் இருந்த இடத்தைத் துடைத்துக் காலி செய்துவிடும். இரக்கம் காட்டாது. அந்த விதியை எழுதியவளே சிவகாமசுந்தரிதான், அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. இயந்திரம் உருவாக்கும் போலிப் பேச்சை வைத்து எவ்வளவு சோதித்தாலும் இவர்கள் நம்பமாட்டார்கள்; ரத்தமும் சதையுமான மனிதர்கள் மணிக்கணக்கில் பேசவேண்டும், அப்போதுதான் ஒளிந்திருக்கும் கோளாறு தலைகாட்டும். அதற்கு வீட்டு ஆட்களைப் போல வசதி யார்? எல்லோர் வீட்டிலும் ஒரு சோதனைப் பெட்டியையும் ஒரு சோதனைப் போனையும் கொடுத்து வைத்திருப்பார்கள். பெண்டாட்டி புருஷனோடு இவர்கள் நீளமாகப் பேசுவதே டெஸ்ட் நாளில்தான் என்று அர்ஃபான் கிண்டலடிப்பான். சிவகாமசுந்தரியின் வீடு தேக்கா சந்தைக்கு மேலே, பதினோராவது மாடி. அங்கே கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில், அந்தப் பெட்டி பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. போனை எடுத்துப் பேசுகிறவன் அவள் கணவன் ரஞ்சன். செம்பவாங் கப்பல்துறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்.

நேற்று அவனுக்கு ஓய்வு நாள். அவள் கூப்பிட்டாள், அவன் பேசினான். லிஃப்ட் மறுபடி மக்கர் பண்ணுகிறது என்றான்; கீழே வஞ்சிரம் நன்றாக இருந்தது, வாங்கி வைத்திருக்கிறேன் என்றான். அவள் "ம்" கொட்டிக்கொண்டே பேச்சு அறுபடாமல் அடுத்த கோருக்குத் தாவுகிறதா என்று பார்க்க ஏழாவது கோரைக் கொல்லும் கட்டளையைத் தட்டி வைத்து, சரியான நேரம் பார்த்து விசையை அழுத்தினாள். அதே நேரம் பார்த்து அவன் குரல் தாழ்ந்தது.

"சுந்தரி, கயல் இருந்திருந்தா இந்த வருஷம் பிஎஸ்எல்இ பரீட்சை எழுதியிருப்பா, இல்ல?"

ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோன பிள்ளை அது. பெயர்கூட வைத்திருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவன் வாயால் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து முதன்முறையாகச் சொல்கிறான். சொல்லிவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கிறான். அந்தச் சின்ன மௌனத்தில்தான் பேச்சு ஏழாவது கோரிலிருந்து எட்டாவதுக்குத் தாவியது. ஒரு சொடுக்குச் சத்தம்கூட இல்லை.

"பாஸ்!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள் சிவகாமசுந்தரி. "அர்ஃபான், பாஸ்டா! சுத்தமா போயிடுச்சு!"

போன் காதில்தான் இருந்தது. மறுமுனையில் ரஞ்சன், "என்கூட பேசணும்னு நீ கூப்பிட்டன்னு நெனச்சேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவள் வீட்டுக்குப் போனபோது அவன் துணிப்பெட்டி படுக்கையில் திறந்து கிடந்தது. பெர்த் நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறானாம். சனிக்கிழமை விமானம். எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டதற்கு, திரும்ப என்ன இருக்கிறது என்றான். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை, சலித்துப்போய்ச் சொன்னான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் ஹெட்போனை எடுத்து பெட்டியில் செருகி ஏழாவது கோரைத் தேர்ந்தெடுத்தாள்.

ஏனென்றால் சூட்டுக்குக் காரணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது உண்மையில் எதுவும் தாவுவதில்லை. அதைப் போலவே ஒரு பிரதி புதிய இடத்தில் எழுதப்படும், பழைய பிரதி துடைக்கப்படும். துடைப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது; கஸ்டமருக்குக் காட்டும் தாவல் நேரம் குறைவாக இருக்கவேண்டுமே என்று நிரலில் அந்தத் துடைக்கும் வரியை அவள்தான் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தாள். எல்லோரும் செய்கிற வேலைதான். பெட்டியை அணைத்தால் தானாகப் போய்விடும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். ஆக, நேற்றைய பேச்சின் பழைய பிரதி ஏழாவதில் துடைக்கப்படாமல் கிடக்கிறது, வெறும் குப்பை, அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படித்தான் நினைத்தாள்.

முதலில் மெல்லிய இரைச்சல். தூரத்தில் அரிசி களைவதுபோல ஒரு சத்தம்.

பிறகு, "சுந்தரி? இருக்கியா?"

கை தானாக மேசை விளிம்பைப் பிடித்தது.

"சுந்தரி? இருக்கியா?"

பதிவு என்று நினைத்தாள். நினைக்கத்தான் செய்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் மாறியது. ஒரு தடவை பயம், ஒரு தடவை களைப்பு, ஒரு தடவை அழுகை வந்து அதை விழுங்கியது போன்ற தடுமாற்றம். நேற்று மதியத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான். இடைவிடாமல்.

மைக்கை இழுத்து, யார் காதிலும் விழாதபடி, "இருக்கேன்," என்றாள்.

"அப்பாடா!" என்றது குரல். "லைன் கட்டாயிடுச்சுன்னு பயந்துட்டேன். இங்க ஒரே இருட்டா இருக்கு சுந்தரி. கரண்ட் போயிடுச்சா? வாசல்கூட தெரியல."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்திருக்கவேண்டும், பெட்டியை அணைத்திருக்கவேண்டும். எந்தப் புத்தியுள்ளவளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அந்தக் குரல் அடுத்து அதைக் கேட்டுவிட்டது.

"கயல் இருந்திருந்தா எழுதியிருப்பா, இல்ல?"

"ஆமாங்க," என்றாள். "எழுதியிருப்பா. கணக்குல உங்கள மாதிரி மக்கா இருந்திருப்பா."

அவன் சிரித்தான். பன்னிரண்டு வருடமாக அவள் கேட்காத சிரிப்பு. அதன்பின் இருவரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். பிள்ளைக்கு வாங்கி வைத்த மஞ்சள் சட்டையைப் பற்றி, அதை யாருக்குக் கொடுத்தோம் என்று, அந்த வாரம் அவன் கப்பலடியில் ஒளிந்து உட்கார்ந்து அழுததைப் பற்றி. இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். நீ கேட்கவில்லையே என்றான், கோபமில்லாமல். அவள் கொஞ்சம் பேசாமல் இருந்தால் மட்டும், பேச்சை எங்கே விட்டிருந்தாலும் விட்டுவிட்டு, "இருக்கியா?" என்றான்.

அர்ஃபான் வந்து தோளைத் தொட்டபோது துள்ளி விழுந்தாள்.

"அக்கா, யார்கிட்ட பேசுறீங்க? அது செத்த கோர்."

அவனே பக்கத்திலிருந்த இன்னொரு ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். கேட்டான். அவன் முகத்திலிருந்து எப்போதும் இருக்கும் அந்த விளையாட்டுத்தனம் வடிந்துபோனது. மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தான்.

"அக்கா. அவரு மூச்சு விடல."

"என்ன உளர்ற?"

"கேளுங்க. இவ்வளவு நீளமா பேசுறாரு. நடுவுல ஒரு தடவகூட மூச்சு இழுக்கல."

"நாய்ஸ் ஃபில்டர்டா. மூச்ச வெட்டிடும், காத்துச் சத்தத்த வெட்டிடும். நான்தானே எழுதினேன்!"

"ஆஃப் பண்ணிடலாம் அக்கா. ப்ளீஸ். சுவிட்ச பிடுங்கிடலாம்."

"கை வெச்சே, கொன்னுடுவேன்," என்றாள். தன் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினான்.

அன்று மாலை வீட்டில் ரஞ்சன் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான், இருமினான், தட்டைக் கழுவி வைத்தான். பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் அறையிலிருந்து கேட்டது. அவள் கூடத்தில் உட்கார்ந்து அந்த இருமலையே வெறுத்துக்கொண்டிருந்தாள். இவனுக்கு அவள் கத்தியது தெரியும். ஏழாவதில் இருக்கும் அவனுக்குத் தெரியாது. இவன் நாளை மறுநாள் போய்விடுவான். அவன் இருட்டில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். பேச்சை இடம் மாற்றலாம் என்றால், திருப்பியும் மாற்றலாம். ரஞ்சன் சோதனைப் போனில் பேசும்போது ஏழாவதில் இருக்கும் பிரதியை அந்தப் பேச்சின் மேல் எழுதிவிட்டால்? போன் பேச்சை மாற்றினால் ஆள் எப்படி மாறுவான் என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்காது. செத்த கோருக்குள் பேசுகிறவன் யார் என்பதற்கும் பதில் இல்லையே! பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் சனிக்கிழமை வந்துகொண்டிருந்தது. தூங்கப்போகும் முன், அவன் விடிகாலையில் சொல்லாமல் கிளம்பிவிடுவானோ என்ற பயத்தில், வாசலின் இரும்புக் கதவைப் பூட்டி அவனுடைய வீட்டுச் சாவியையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. லேபுக்கு வந்ததும் முதல் வேலையாகத் துடைக்கும் வரியைத் திரும்பச் சேர்த்தாள். இரண்டு ரஞ்சன் இருக்கக்கூடாது. வேலையில் அவள் எப்போதும் சுத்தம்.

அர்ஃபான் பார்த்துவிட்டான். "என்ன பண்ணப் போறீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. நீ தொழுகைக்குப் போ, நேரமாச்சு."

"நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க அக்கா. சத்தியமா சொல்றேன், எனக்கு அது பிடிக்கல." கதவருகே நின்று இன்னொரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

கதவு மூடியதும் அவள் வீட்டுக்குப் போன் அடித்தாள். சோதனைப் போன் நீண்ட நேரம் அடித்தது. பிறகு ரஞ்சன் எடுத்தான். ஃபில்டர் போடாத லைன் அது. பின்னால் மழைச் சத்தம்; அவன் மூச்சுச் சத்தம்; அவனுடைய அந்த இருமல்.

"மறுபடியும் டெஸ்டா?"

"இல்ல. பேசத்தான் கூப்பிட்டேன்."

"இரு. சாரல் உள்ள அடிக்குது, ஜன்னல சாத்திட்டு வர்றேன்."

காலடிச் சத்தம் போனது. ஜன்னல் கதவு இழுபட்டது. கட்டளை திரையில் தயாராக இருந்தது. விரல் விசையின் மேல் இருந்தது. அவன் திரும்பி வந்தான், பெருமூச்சு விட்டான்.

"சுந்தரி, ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாம கேளு."

வக்கீல், விவாகரத்து, எதுவோ ஒன்று வரப்போகிறது என்று அவளுக்குப் பட்டது. அதைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அழுத்தியவுடன் மாறிவிடாது. கேட்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, பேச்சில் ஒரு சின்ன இடைவெளி வரும்வரை மென்பொருள் காத்திருக்கும். பேசுபவர் நிறுத்தினால்தான் மாற்றும். ரஞ்சன் நிறுத்தவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, கொட்டித்தீர்க்கிற வேகத்தில், மடை திறந்ததுபோலப் பேசினான்.

"நான் போகல சுந்தரி டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன் ராத்திரியெல்லாம் யோசிச்சேன் உன்னச் சொல்லிக் குத்தமில்ல நானும் இத்தன வருஷம் வாயத் தொறக்கல நீ பாட்டுக்கு வேலையில பூந்துகிட்ட நான் பாட்டுக்கு ஷிஃப்டுல பூந்துகிட்டேன் கயலோட ஸ்கேன் படத்த எடுத்து மேசையில வெச்சிருக்கேன் நீ சீக்கிரம் வா ரெண்டு பேரும் சேந்து ஒரு விளக்கு ஏத்துவோம்..."

கண் திறந்தாள். திரையில் சின்ன எழுத்து: இடைவெளிக்குக் காத்திருக்கிறது.

நிறுத்தும் கட்டளை. எங்கே நிறுத்தும் கட்டளை? இல்லை. அவள் எழுதவே இல்லை. விசைகளை அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. பெட்டியின் மின்கம்பி மேசைக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில்.

"பேசிக்கிட்டே இருங்க!" என்று அலறினாள். "நிறுத்தாதீங்க! ரஞ்சன், நிறுத்தாதீங்க!"

அவன் திடுக்கிட்டு நிறுத்தினான்.

அவ்வளவுதான். திரை ஒருமுறை கண்சிமிட்டியது. பழைய பிரதி துடைக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. மழைச் சத்தம் அப்படியே இருந்தது. மூச்சுச் சத்தம் இல்லை.

"சுந்தரி?" என்றது போன். "இருக்கியா?"

கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்சி சிராங்கூன் சாலையில் மழைக்குள் ஊர்ந்தது. பூக்கடைகளில் பிளாஸ்டிக் விரிப்புகள் படபடத்தன. மல்லிகையும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை ஜன்னலை மூடியும் உள்ளே வந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அது கேட்டுக்கொண்டே வந்தது, அவள் இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

ரஞ்சன் கூடத்தின் நடுவில் போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் ஸ்கேன் படம். அதற்கு முன்னால் ஏற்றாத ஒரு குத்துவிளக்கு, திரி போட்டு, எண்ணெய் ஊற்றி. பெட்டியிலிருந்த சட்டைகள் பாதி அலமாரிக்குத் திரும்பியிருந்தன. அவள் இரும்புக் கதவை உள்ளே பூட்டிச் சாவியைப் பையில் போட்டது பழக்கத்தால்தான்.

"ரஞ்சன்."

அவன் புன்னகைத்தான். அவளைப் பார்த்து இல்லை. அவள் குரல் வந்த இடத்தைப் பார்த்து. அவள் ஓரடி நகர்ந்தாள், பேசாமல். அவன் கண்கள் நகரவில்லை, இமைக்கவும் இல்லை. அருகே போய் அவன் மூக்குக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். காற்று வரவில்லை. மார்பில் கை வைத்தாள். சூடாக இருந்தது, சுடும்படி சூடாக.

"இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள்.

எப்படியும் இவன்தானே வேண்டும் என்று நினைத்தாள்? பக்கத்தில் உட்கார வைத்தாள். பேசினாள். அவன் அழகாகப் பேசினான், அன்பாகப் பேசினான், கயலைப் பற்றி, வஞ்சிரத்தைப் பற்றி, லிஃப்ட்டைப் பற்றி, மறுபடியும் கயலைப் பற்றி. தண்ணீர் குடிக்கும் நேரம்கூட அவளுக்குத் தரவில்லை. லேப் பெட்டியை அணைக்கும்படி அர்ஃபானிடம் சொல்லலாமா என்று ஒருமுறை நினைத்தாள்; அணைத்தால் இவனும் போய்விடுவான், அப்புறம் எந்த ரஞ்சனும் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்ஃபானுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். மாலை மங்கும்போது சோபாவில் சாய்ந்தபடி, சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையின் நடுவிலேயே கண் சொக்கியது.

இரும்பு மூடி மோதும் சத்தம் அவளை எழுப்பியது.

சமையலறையில், எல்லா மாடிக் குப்பையும் கீழே விழும் குப்பைக்குழாயின் முன்னால், ரஞ்சன் குனிந்து நின்றான். அவளுடைய செருப்பு போய்விட்டது. மூக்குக் கண்ணாடி போய்விட்டது. இப்போது கைப்பை. பைக்குள் அவள் போன் அடித்துக்கொண்டிருந்தது, அர்ஃபானாகத்தான் இருக்கும். அந்த மணியோசை பதினோரு மாடியும் உரசிக்கொண்டு கீழே கீழே போய், ஒரு மொத்தென்ற சத்தத்தில் நின்றது. சாவிகள் இரண்டும் அதற்குள்தான்.

"இருக்கேன்!" என்று கத்தினாள். "நான் இருக்கேன் ரஞ்சன்!"

அவன் உடனே நிமிர்ந்தான். முகம் மலர்ந்தது. "பயந்துட்டேன்," என்றான்.

அப்போதுதான் அவளுக்கு முழுவதும் புரிந்தது. மூன்று முறை கேட்டிருக்கிறான். பதில் இல்லை. செத்தவளின் இடத்தைத் துடைக்க ஆரம்பித்திருக்கிறான்.

அதன்பின் அவள் தூங்கவில்லை. பதில் சொன்னாள். இரும்புக் கதவை உலுக்கினாள், பதில் சொன்னாள். உதவி உதவி என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள், மழை விழுங்கியது, பதில் சொன்னாள். எதிர்வீட்டார் ஜோகூருக்குப் போயிருந்தார்கள். வெந்நீர் குடித்தாள். உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். இருக்கேன். இருக்கேன். இருக்கேன். தொண்டைக்குள் முள் முளைத்தது. குரல் கம்மியது, கரகரத்தது, நூலானது.

மழை விட்டு வெளுத்தது. கீழே சந்தைக்கு லாரிகள் வந்தன, கோழிக்கூண்டுகள் இறங்கின, யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். இஞ்சியும் மீனும் ஈரத் தரையும் கலந்த காலை வாசனை மேலே ஏறி வந்தது.

"இருக்கியா?"

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவன் காத்திருந்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள், கன்னத்தில் அடித்தாள், தலையை ஆட்டினாள். மேசையைத் தட்டினாள். தட்டை எடுத்துத் தரையில் உடைத்தாள். அவனுக்கு அது எதுவும் பேச்சில்லை. காற்றையும் தட்டலையும் இரைச்சல் என்று தள்ளிவிட அவள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

"சுந்தரி? இருக்கியா?"

காற்று.

மூன்றாவது முறை கேட்கும்போது அவன் குரல் உடைந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனின் குரல். கன்னத்தில் ஒரு துளிகூட வரவில்லை. எழுந்தான்.

முதலில் சுவரிலிருந்த கல்யாணப் படம். அதை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தான், குழாய்க்குள் போகவேண்டுமே. பிறகு அவள் சீப்பு, பல் துலக்கி, அலமாரியிலிருந்த சேலைகள் ஒவ்வொன்றாக, நிதானமாக, மடித்து. ஸ்கேன் படத்தை எடுத்தான், ஒரு கணம் நின்றான், அதையும் போட்டான். மூடி மோதியது. மூடி மோதியது. அவள் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். கதவு அவள் முதுகோடு சேர்த்து நகர்ந்தது, சிரமமே இல்லாமல்.

மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனான். வலிக்கப் பிடிக்கவில்லை, கைத்தாங்கலாகவே பிடித்தான். கை மட்டும் சுட்டது. குப்பைக்குழாயின் மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து அழுகல் வாடையும், ஆழத்தில் யாரோ கொட்டிய பாட்டில்கள் உருளும் சத்தமும் வந்தன. அவள் கையை உள்ளே விட்டான். முழங்கை போனது. தோள் இடித்தது.

இன்னொரு முறை தள்ளிப் பார்த்தான். போகவில்லை.

அவள் அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். சத்தம் வரவில்லை.

அவள் கையை வெளியே எடுத்து, தோளைத் தடவிக்கொடுத்தான். குழாயின் வாயை ஒரு சாண், இரு சாண் என்று விரலால் அளந்தான். பிறகு அவள் கழுத்தின் அகலத்தை, இடுப்பின் அகலத்தை. ஒரு கையால் அவளைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால், அவசரமே இல்லாமல், கத்திகள் இருக்கும் இழுப்பறையைத் திறந்தான்.